நாலே முக்கால் பஸ்ஸும் அரியர் கோச்சிங்கும்

செவ்வாய்க்கிழமை முதல் பீரியட், எங்கள் பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பு. அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்சில் மூன்று பையன்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். இரண்டு மாதம் திட்டிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் அதில் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா, திங்கக்கெழம ராத்திரி அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"சந்தைங்க சார்" என்றான்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் கூடினால் செவ்வாய் வரைக்கும் நடக்கும். கேரளா, ஆந்திரா, கர்நாடகா வியாபாரிகள் வண்டி போட்டு வந்து இறங்குவார்கள். இவர்கள் மூவரும் அங்கே பண்டல் தூக்குகிறார்கள். மூவருமே ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. விடிய விடிய வேலை, கையில் கூலி, வீட்டுக்குப் போய்க் குளியல், ஒன்பது மணிக்கெல்லாம் வகுப்பு. வராமலே இருந்திருக்கலாம். வந்து தூங்குகிறார்கள். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது.

இந்த வருடம் எங்கள் துறையில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, "பின்தங்கற பசங்களுக்கு என்ன பண்ணலாம்னு ஒரே ஒரு திட்டம் சொல்லுங்க. அதுக்கு டைம்டேபிள்ல எடம் தர்றேன், பணமும் தர்றேன். நாலு திட்டத்தத் தூக்கீட்டு வராதீங்க" என்றார். நாங்கள் நாலைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டது. அதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி என்று எங்கே பாடம் நடத்துகிறவர்களுக்கும் இதே தலைவலி இருக்கும்.

முதலில், வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பு முடித்து முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒரு கூட்டம். பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் இன்னொன்று. ஐ.டி.ஐ.யிலிருந்து அதே லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்கள் மூன்றாவது. முதல் கூட்டத்துக்கு முதலாண்டுக் கணக்கும் டிராயிங்கும் தெரியும், மெஷினைத் தொட்டதில்லை. மூன்றாவது கூட்டம் லேத்தில் விளையாடும், முதலாண்டுக் கணக்குப் பாடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டாவது கூட்டம் பாவம், நடுவில். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பையன் ஒருவன் உண்டு. தமிழ் பேசுவான், எழுத வராது. தாளவாடி மலையிலிருந்து ஒரு பெண். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் அவள் சத்தியமங்கலம் வர வேண்டும் என்பதால் ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், இங்கே புத்தகம் ஆங்கிலம். கணக்குப் போடும்போது அவள் உதடு கன்னடத்தில்தான் எண்ணும்.

இத்தனை பேருக்கும் ஒரே கேள்வித்தாள்.

சமமான தேர்ச்சி என்று எதைச் சொல்வது என்பதிலேயே எங்களுக்குள் முதல் சண்டை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவுகோல் கோணலாக இருந்தால் எந்தத் திட்டமும் நேராகத்தான் தெரியும். நம் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டில் தேர்ச்சி விகிதம் என்று போடுவது, பரீட்சை எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு. ஒரு செக்‌ஷனில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 12 பேர் நின்றுபோய் 48 பேர் பரீட்சை எழுதுகிறார்கள். 36 பேர் பாஸ். போர்டில் 75 சதவீதம் என்று எழுதி, சந்தனப் பொட்டு வைத்துவிடலாம். சேர்ந்த 60 பேரில் எத்தனை என்று கேட்டால் 60 சதவீதம்தான். அந்தப் 12 பேர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தறிக்குப் போனவன் தறியிலேயே நின்றுவிட்டான், கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

இங்கிலாந்தில் பள்ளி முடித்தபின் தொழிற்கல்வி தரும் கல்லூரிகளின் கணக்கு வேறு மாதிரி. எத்தனை பேர் தங்கினார்கள் என்பது ஒரு விகிதம், தங்கியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது ஒரு விகிதம். இரண்டையும் பெருக்கி வருவதுதான் அங்கே தேர்ச்சிக் கணக்கு. நின்றுபோனவனும் கணக்கில் விழுவான். அதையே ஆண், பெண், இனம், மாற்றுத்திறன் என்று பிரித்தும் பார்க்கிறார்கள். 1996இல் டாம்லின்சன் தலைமையில் அங்கே ஒரு குழு, மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தது. குறையைப் பிள்ளையிடம் தேடாதே, பிள்ளைக்கும் ஏற்பாட்டுக்கும் நடுவில் எங்கே பொருந்தவில்லை என்று பார் என்பதுதான் அதன் சாரம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னால், "அவங்க ஊர்ல ஒரு வகுப்புல பதினஞ்சு பேருங்க" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அடைக்கட்டும். பெருக்கல் கணக்குப் போட நோட்டும் பேனாவும் போதும்.

நானும் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பத்தி. எந்த வழியில் சேர்ந்தார், எந்த மொழியில் படித்து வந்தார், சாயங்காலம் எங்கே போகிறார். முதல் இரண்டும் அட்மிஷன் ஃபாரத்திலேயே இருக்கிறது. மூன்றாவதைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே எனக்கு ஏழு வருடம் பிடித்தது. அரியர் வைத்திருப்பவர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டபோது, முதல் பத்தியோடும் இரண்டாம் பத்தியோடும் அந்த வட்டங்கள் பாதிதான் பொருந்தின. மூன்றாம் பத்தியோடு கிட்டத்தட்ட முழுக்கப் பொருந்திப்போயின.

இனி திட்டங்கள்.

செக்‌ஷன் பிரிப்பது

மூத்தவர் ஒருவர் சொன்ன யோசனை. இங்கிலீஷ் மீடியத்தில் வந்தவர்கள் ஏ, தமிழ் மீடியம் பி. பி-க்குத் தமிழிலேயே நடத்தலாம், நிதானமாகப் போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தமிழில் நடத்துவதற்கு நான் எதிரியும் இல்லை. 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது.

ஆனால் செக்‌ஷன் பிரித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஒரே மாதத்தில் "பி செக்‌ஷன் பசங்க" என்பது வசைச்சொல் ஆகிவிடும். டைம்டேபிள் போடும்போது அனுபவசாலிகள் ஏ-வை எடுத்துக்கொள்வார்கள், புதிதாகச் சேர்ந்தவர் தலையில் பி விழும். கம்பெனி இன்டர்வியூவுக்கு ஆள் அனுப்பச் சொன்னால் முதலில் எந்த வகுப்புக் கதவைத் தட்டுவோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். தாளவாடிப் பெண்ணை எங்கே உட்கார வைப்பது? சான்றிதழ்படி அவள் தமிழ் மீடியம், பேச்சில் கன்னடம், கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. வடக்கத்திப் பையனுக்கு இரண்டு செக்‌ஷனுமே அந்நியம்.

இதைத் தள்ளுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொல்லி, தமிழில் விளக்கி, திரும்ப ஆங்கிலச் சொல்லுக்கே வருவதை எந்த வகுப்பிலும் செய்யலாம். அதற்குச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை.

பிரிட்ஜ் கோர்ஸ்

சேர்ந்ததும் இரண்டு மூன்று வாரம் அடிப்படைக் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம். நாங்கள் ஏற்கெனவே நடத்துவதுதான். நல்ல காரியம். ஆனால் கல்யாணப் பந்தி மாதிரி இது. முதல் பந்தியில் உட்காருகிறவன் மார்க்கு நல்லபடியாக வாங்கி, ஃபீஸ் கட்டி, முதல் நாளே வந்தவன். அவனுக்கு இது அவ்வளவாகத் தேவையே இல்லை. தேவைப்படுகிறவன் துணைத்தேர்வு எழுதிவிட்டோ, ஃபீஸுக்குப் பணம் புரட்டிவிட்டோ, லேட்டரலில் இடம் காலியாகி அழைப்பு வந்தோ கடைசியில் வந்து சேருவான். அதற்குள் இலை எடுத்தாகிவிட்டது. பாயசம் தீர்ந்துவிட்டது.

சாயங்கால கோச்சிங்

இதற்குத்தான் ஆதரவு அதிகம். பழைய மாணவர்களுக்கும் இதுதான் பிடித்திருந்தது. போட்டோ எடுக்கலாம், பேனர் வைக்கலாம். நாலரையிலிருந்து ஆறு வரை வகுப்பு, டீயும் பன்னும், வெளியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதை நடத்தியவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் உரிமையோடு பேசலாம்.

வாத்தியார் அருமையாக நடத்தினார். பன்னுகூட நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் யார்? ஹாஸ்டல் பிள்ளைகள், டவுனுக்குள்ளேயே வீடு உள்ளவர்கள், பைக் வைத்திருக்கிறவர்கள். அந்தியூர்ப் பக்கத்து கிராமத்துப் பெண் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் காசு பிரச்சினை இல்லை. அடுத்த வண்டி எப்போது என்பதுதான் பிரச்சினை. அதில் போனால் ஊர் விலக்கில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து காட்டு வழியே நடை. "பொழுதோட ஊடு வந்து சேரு கண்ணு" என்று அவள் அம்மா சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது? தறிக்குப் போகிறவனுக்கு எட்டு மணிக்கு நைட் ஷிப்ட். அதற்குள் சாப்பிட்டு ஒரு கண் அயர வேண்டும். சந்தைப் பையன்களின் திங்கட்கிழமையைச் சொல்லவே வேண்டாம்.

செமஸ்டர் ரிசல்ட் வந்தது. கோச்சிங் வந்தவர்கள் முன்னைவிட நன்றாகவே எழுதியிருந்தார்கள். வராதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அறிக்கையில் "கோச்சிங் வெற்றி" என்று எழுதினோம். அது பொய்யில்லை. ஆனால் எந்த இடைவெளியைக் குறைக்கப் போனோமோ, அதை நாங்களே அரை அங்குலம் அகலப்படுத்தியிருந்தோம். இதை அப்போது ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தாளவாடிப் பெண்ணுக்கு மட்டும் அந்த கோச்சிங் பெரிய வரம். ஹாஸ்டலில் இருப்பவள், சாயங்காலம் முழுக்க அவளுடையது. மொழிதான் அவளுக்குச் சிக்கல், நேரம் இல்லை. அந்தியூர்ப் பெண்ணுக்கு நேர் எதிர். இரண்டு பேரையும் "கிராமப்புற மாணவியர்" என்று ஒரே கட்டத்தில் அடைத்துத்தான் அரசாங்கத்துக்கு அறிக்கை போகிறது.

பணமாகக் கொடுப்பது

வாசலில் சேர்ந்துகொண்ட யோசனைகளில் ஒன்று. இருக்கிற பணத்தை வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்; 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். இரண்டும் டிப்ளமோவுக்கும் உண்டு. வங்கிக் கணக்கில் நேராக விழுவதால் பிள்ளை கையில் தங்குகிறது. பேருக்குச் சின்னத் தொகை என்றாலும், பொண்ணுக்கு மேல படிப்பு எதுக்கு என்று கேட்கிற அப்பச்சிமார் வாயை அது கொஞ்சம் கட்டியிருக்கிறது என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒன்று இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்குமேல் படிப்பைத் தொடர்ந்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாரம் 10, 20, 30 பவுண்டு. 2004இல் நாடு முழுக்க வந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வந்தால்தான் அந்த வாரப் பணம். 2010இல் பிரிட்டன் அரசு இங்கிலாந்தில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் நிறுத்தவில்லை. வாரப் பணம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கூலியும் வாரக் கணக்குத்தானே. சந்தைப் பையனின் திங்கட்கிழமைக் கூலியோடு போட்டி போட வேண்டுமானால் மாதச் சம்பளம் மாதிரி வருவது போதாது.

எங்களிடம் உள்ள பணத்துக்கு அந்தப் போட்டியெல்லாம் ஆகாது. பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு வேளை பிரியாணிக் காசு மிஞ்சும். ஆனால் சின்னச் சின்ன இடங்களில் அதே பணம் பெரிய வேலை செய்யும். டிராயிங் வகுப்பில் கோடு போடும் மினி டிராஃப்டர், ரெக்கார்ட் நோட்டு, அரியர் பேப்பருக்கான பரீட்சை ஃபீஸ். அரியர் ஃபீஸ் கட்டக் கடைசி நாளைத் தவறவிட்டு ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அதற்கு ஒரு ஓரமாகப் பணம் எடுத்து வைக்கச் சொன்னேன். இதில் யாரும் தகராறு செய்யவில்லை.

சாண்ட்விச்

இரண்டாவது வாசல் யோசனை என்னுடையது. உடனே நடக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். கோவையில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக், சி.ஐ.டி. சாண்ட்விச் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் உள்ள சாண்ட்விச் டிப்ளமோ மூன்றரை வருடம். படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சி வந்துவிடும். வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்னாமல், ஒன்றுக்கொன்று சோறு போடும் ஏற்பாடு. எங்கள் பையன்கள் இப்போது செய்வதும் சாண்ட்விச்தான், அவர்களே போட்டுக்கொண்டது. பகலில் படிப்பு, ராத்திரியில் பண்டல். அதற்கு மார்க்கு இல்லை.

இந்த மண்ணில் இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1945இல் ஜி.டி.நாயுடு தன் கொடையில் கோவையில் உருவான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வரானார், இன்று ஜி.சி.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்கிறோமே, அதுதான். பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர். நாலு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒப்பவில்லை, விலகிவிட்டார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். கை பழகியவனுக்கு இரண்டு வருடம் போதும், உண்மை. தறிக்குப் போய்க்கொண்டே படிக்கிறவனுக்கு நாலும் பத்தாது. எல்லாருக்கும் ஒரே நீளம் என்று வைத்ததில்தான் கோளாறு.

இதற்கெல்லாம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும், கம்பெனிகளோடு ஒப்பந்தம் வேண்டும். எங்கள் கையில் இருப்பது ஜூனுக்குள் போட வேண்டிய டைம்டேபிள். ஆகவே வைத்துவிட்டோம்.

ஒரே மேஜையில் நாலு பேர்

இதை முதலில் எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு வெர்னியர் காலிப்பர், மில்லிமீட்டரையும் பகுத்து அளக்கும் கருவி.

ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். இன்டர்னல் டெஸ்டில் "டிஃபைன் லீஸ்ட் கவுண்ட்" (ஒரு கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு எது) என்ற இரண்டு மார்க் கேள்விக்கு வெறும் தாளைக் கொடுத்துவிட்டான். எனக்குக் கோபம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஷாஃப்டையும் காலிப்பரையும் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு" என்றேன். காலிப்பரின் தாடையைச் சேர்த்தான், வெளிச்சத்துக்குத் திருப்பினான், இரண்டு விநாடிகூட ஆகவில்லை. "இருவத்தஞ்சுக்குத் துளி கம்மிங்க சார். பாயிண்ட் ஜீரோ டூ." பக்கத்தில் நின்ற மாணவி, டெஸ்டில் முதல் மார்க்கு, அதே கேள்விக்கு நாலு வரியில் பிசகில்லாமல் எழுதியவள், காலிப்பரைத் தெர்மாமீட்டர் மாதிரிப் பிடித்தாள்.

"அப்புறம் ஏம்ப்பா எழுதல?"

"படிக்கத் தெரியுமுங்க சார். கேள்வி என்ன கேக்குதுன்னுதான் தெரியலீங்க."

இரண்டு பேரையும் ஒரே மேஜையில் நிறுத்தினேன். வெர்னியரில் எந்தக் கோடு மேல் கோட்டோடு ஒட்டுகிறது என்று அவன் அவளுக்குக் காட்டினான். அவள் கேட்டாள், "இதுல ஏன் அம்பது கோடு போட்டிருக்காங்க?" அவன் முழித்தான். ஆயிரம் தடவை அளந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அவளே தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். மெயின் ஸ்கேலின் 49 மில்லிமீட்டருக்குள் வெர்னியரின் 50 பிரிவு அடங்குகிறது. அப்படியானால் ஒரு பிரிவு 0.98. மேலே ஒரு பிரிவு 1. வித்தியாசம் 0.02. "அட, இதுதானா அது!" என்றான். அவனுக்கு லீஸ்ட் கவுண்ட் வந்துவிட்டது, அவளுக்குக் காலிப்பர் வந்துவிட்டது. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இதைத் திட்டமாக்கினால் இப்படி இருக்கும். வாரத்தில் இரண்டு பீரியட், டைம்டேபிளுக்குள்ளேயே, நாலரைக்கு முன்பாக. பத்தாவது வழி ஒருவர், பிளஸ் டூ வழி ஒருவர், ஐ.டி.ஐ. வழி ஒருவர், நாலாவதாக யாராவது ஒருவர் என நாலு பேர் ஒரு மேஜை. கையில் ஒரு பொருள், தாளில் ஒரு கணக்கு. கியர் வீலை எடுத்து வைத்துப் பல்லை எண்ணி விகிதம் போடுவது மாதிரி. தாமதமாகச் சேர்ந்தவனும் எந்த வாரத்திலும் வந்து மேஜையில் உட்காரலாம். பந்தி எடுக்கப்படாது.

குறை இல்லாமல் இல்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் குறை, கெட்டிக்காரன் ஒருவனே எல்லாவற்றையும் செய்து முடிப்பதும் மற்ற மூவர் ரெக்கார்டில் ஈயடிச்சான் காப்பி அடிப்பதும். அதற்கு ஒரே மருந்து, மேஜையிலிருந்து யாரை எழுப்பி விளக்கச் சொல்வேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருப்பது. நாலு பேருக்கும் புரிய வைக்காவிட்டால் கெட்டிக்காரனுக்கும் மார்க்கு இல்லை என்று ஆகிவிடும். ஆரம்பத்தில் அவன் வீட்டிலிருந்து போன் வரும். வரட்டும்.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். "நீங்களே சேந்துக்குங்க" என்று விட்டால், பிள்ளைகள் ஊர்வாரியாகச் சேருவார்கள். ஊர் என்றால் நம் பக்கத்தில் தெரு. தெரு என்றால் என்ன என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஒன்றாக வந்து ஒன்றாகவே உட்கார்ந்து ஒன்றாகவே போகிற கூட்டங்கள், மூன்று வருடம் முடிந்தும் பக்கத்து பெஞ்சின் பேர் தெரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். பெயர்ச்சீட்டைக் கலைத்துப் போட்டு, ஒரு செமஸ்டர் முழுக்க அதை மாற்றாமல் வைத்தால்தான் ஏதோ ஒன்று நடக்கும்.

ஆசிரியருக்கு வேலை அதிகம் என்பதும் உண்மை. ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளும் ஒரு கணக்கும் தயார் செய்ய வேண்டும். எங்களில் இரண்டு பேர் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பழைய மாணவர் பணத்தில் பெரும்பங்கை இதற்கே போடலாம் என்பது என் வாதம். பத்துப் பதினைந்து காலிப்பர், பழைய கியர் பெட்டிகள், வெட்டித் திறந்த ஒரு பம்ப். கோவையிலும் ஈரோட்டிலும் காயலான் கடையில் கிடைக்காத சாமானா?

முதல்வரிடம் நாங்கள் கொடுத்தது இதுதான். மேஜை முறை, இரண்டு பீரியட், நாலரைக்குள். ஓரத்தில் அரியர் ஃபீஸுக்கும் டிராஃப்டருக்கும் கொஞ்சம் பணம். சாயங்கால கோச்சிங் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டும், ஹாஸ்டலிலேயே, பேனர் இல்லாமல். "ஒரே ஒரு திட்டம்னு சொன்னனே" என்றார். "ஒண்ணுதானுங்க சார், மத்ததெல்லாம் தொட்டுக்க" என்றார் எங்கள் எச்.ஓ.டி. முதல்வர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் டைம்டேபிளில் வந்து நின்றது. மேஜை வகுப்பைச் செவ்வாய் முதல் பீரியடில் போட்டிருந்தார்கள், ஒர்க்‌ஷாப் காலியாக இருக்கும் நேரம் என்று. ராத்திரி முழுக்கப் பண்டல் தூக்கிவிட்டு வருகிறவனைக் காலை ஒன்பது மணிக்கு மெஷின் பக்கம் நிறுத்த என்னால் முடியாது என்றேன். வியாழனுக்கு மாற்ற வேண்டும், அதற்கு எலெக்ட்ரிகல்காரர்களின் லேபை நகர்த்த வேண்டும்.

"மூணு பேருக்காகவா டைம்டேபிளையே மாத்தறது?" என்றார் எச்.ஓ.டி.

நாலே முக்கால் பஸ்ஸுக்காக நாலரைக்குக் கல்லூரி விடுகிறோமே, அது எத்தனை பேருக்காக என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ரப்பரை எடுத்துச் செவ்வாய்க் கட்டத்தை அழித்தார். வியாழன் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பென்சில் அவர் காதில்தான் செருகியிருக்கிறது.